ஸ்காட்லாந்து: ஒரு சபையும் மூன்று மொழிகளும்

ஸ்காட்லாந்தின் சமீபத்திய சரித்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரிடம் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. 1979ல் அரசியல்வாதிகள் கோட்டை விட்டதை நாவலாசிரியர்களும் கவிஞர்களும் செய்து முடித்தார்கள். 1999ல் எடின்பரோவில் கூடிய பார்லிமெண்டுக்கு அஸ்திவாரம் போட்டது இலக்கியம்தான் என்பது அது. எழுதுகிறவனுக்கு இதைவிட இதமான சேதி இருக்க முடியாது. அதனாலேயே இதைச் சந்தேகத்துடன் அணுக வேண்டியிருக்கிறது.

1707ல் ஸ்காட்லாந்தின் பார்லிமெண்ட் தன் முடிவுக்குத் தானே சம்மதம் தந்தது. டேரியன் குடியேற்றத்தில் பணத்தைத் தொலைத்த கனவான்கள் அதில் நிறைய. இங்கிலாந்து ஈடாகத் தந்த 398,085 பவுனில் பெரும்பங்கு அந்தக் குடியேற்றக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குப் போயிற்று. லண்டன் காமன்ஸ் சபையில் 45 இடங்கள் கிடைத்தன. ஆனால் மூன்றை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை: தங்கள் சட்டமும் நீதிமன்றங்களும், பிரஸ்பிட்டேரியன் சர்ச், கல்வி முறை. மொழியைக் கொண்டே ஒரு இனத்தை அடையாளம் காணப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அடுத்த இருநூறு வருஷங்கள் ஸ்காட்லாந்தை வேறு நாடாக வைத்திருந்தது கவிதையல்ல. வக்கீலும் பாதிரியும் பள்ளி வாத்தியாரும்.

எழுத்தாளர்கள் பங்கு சில சமயம் நேர்மாறாகவே இருந்தது. டேவிட் ஹ்யூம் 1752ல் ஸ்காட்டிஷ் வழக்குச் சொற்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார் - தவிர்ப்பதற்காக. 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் அவரை வரவேற்ற விதம், மலைநாட்டு உடையைத் தேசத்தின் வேஷமாக்கிவிட்டது. அடையாளம் காட்சிப் பொருளானால் அதிகாரத்துக்கு அதனால் தொந்தரவில்லை. மன்னரும் அந்த உடையை அணிந்துகொண்டார்.

இந்த வேஷத்தைக் கிழிக்க வந்தவர் ஹ்யூ மக்டயார்மிட். பழைய அகராதிகளிலிருந்தும் பேச்சிலிருந்தும் சொற்களை எடுத்து ஒரு ஸ்காட்ஸ் மொழியையே கட்டி, 1926ல் தன் நீண்ட கவிதையை அதில் எழுதினார். 1928ல் தேசியக் கட்சி தோன்றியபோது அதன் ஸ்தாபகர்களில் அவரும் ஒருவர். அவருக்கு எதிர்நிலையில் எட்வின் மூர். ஸ்காட்லாந்துக்காரன் உணர்வது ஒரு மொழியில், சிந்திப்பது இன்னொன்றில். இப்படிப் பிளந்த மனத்திலிருந்து முழுமையான இலக்கியம் வராது, ஆகவே ஆங்கிலத்தை ஏற்பதே வழி என்று 1936ல் வாதித்தார். இருவரும் ஜன்மப் பகைவர்களானார்கள். ஆனால் இருவரும் ஒரே நம்பிக்கையிலிருந்துதான் சண்டை போட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு ஜனக்கூட்டம் முழுமை பெற ஒற்றை மொழி தேவை. 1943ல் ராஸே தீவுக்காரரான ஸோர்லி மக்லீன் கேலிக்கில் தன் காதல் கவிதைகளை வெளியிட்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரும் அவற்றில் வருகிறது. ஐரோப்பிய நவீனத்துவம் அந்தச் சின்ன மொழியில் தடையின்றி நிகழ்ந்திருந்தது. விவாதத்தை இந்த மூன்றாவது மொழி குலைத்துவிட்டது, கவனித்தவர்கள் குறைவு.

இனி 1979. மார்ச் 1ந் தேதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் சட்டசபை வேண்டும் என்றவர்கள் 51.6 சதவிகிதம். வேண்டாம் என்றவர்களைவிட சுமார் 77,000 பேர் அதிகம். எனினும் சபை வரவில்லை. பதிவான வாக்காளர் எல்லோரிலும் 40 சதவிகிதம் ஆதரிக்க வேண்டும் என்ற ஒரு ஷரத்தை லண்டன் பார்லிமெண்ட் முன்பே நுழைத்திருந்தது. கிடைத்தது 32.9. வீட்டிலேயே இருந்துவிட்டவனும் 'வேண்டாம்' என்றவனும் கணக்கில் ஒன்றாகிவிட்டார்கள். அதே மாதம் 28ந் தேதி காலகன் மந்திரிசபை ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. மே மாதம் தாட்சர் வந்தார்.

இந்தத் தோல்விக்குப் பதிலாகத்தான் இலக்கியம் பிறந்தது என்கிறார்கள். தேதிகள் ஒத்துழைக்கவில்லை. அலஸ்டர் க்ரேயின் 'லனார்க்' 1981ல் வெளிவந்தது. ஆனால் அவர் அதை 1950களிலேயே தொடங்கிவிட்டார். டாம் லெனர்டின் கிளாஸ்கோ பேச்சுக் கவிதைகள் 1969. எட்வின் மார்கன் மாயகோவ்ஸ்கியை ஸ்காட்ஸில் மொழிபெயர்த்து நூலாக்கியது 1972. வாக்குச் சீட்டுக்காக இவர்கள் காத்திருக்கவில்லை.

சபையைக் கொண்டுவந்தது வேறு. முதலில் தலைவரி: இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்னதாக, 1989ல், ஸ்காட்லாந்தில் அது விதிக்கப்பட்டது. அங்கே பெரும்பான்மை இல்லாத கட்சி அங்கே வரி போடுகிறது என்பது டீக்கடைக்காரனுக்கும் புரிந்த அரசியல் பாடம். அடுத்து, அதே 1989ல் கூடிய அரசியலமைப்பு மாநாடு. லேபர், லிபரல் கட்சிகளும் சர்ச்சுகளும் தொழிற்சங்கங்களும் நகரசபைகளும் வருஷக்கணக்கில் கமிட்டி அறைகளில் உட்கார்ந்து தேர்தல் முறையைப் பற்றித் தர்க்கித்தன. அலுப்பான வேலை. அதன் பலன் 1997 செப்டம்பர் 11: 74.3 சதவிகிதம் ஆதரவு. 1999ல் 129 அங்கத்தினர்களோடு சபை கூடியது.

அப்படியானால் இலக்கியம் என்ன செய்தது? ஒரு முன்நிபந்தனையை அது ரத்து செய்தது. நாம் யார் என்று ஒரே குரலில் சொன்ன பிறகுதான் நம்மை நாம் ஆளலாம் என்பது அந்த நிபந்தனை. லெனர்டும் கெல்மனும் கிளாஸ்கோவின் உழைக்கும் வர்க்கப் பேச்சையே எழுத்தின் மொழியாக்கினார்கள் - ஊறுகாயாக, பாத்திரங்களின் வாயில் மட்டும் வைக்காமல். 1994ல் கெல்மனுக்கு புக்கர் பரிசு கிடைத்தபோது லண்டன் பத்திரிகைகளில் எழுந்த அருவருப்பு, அது அதிகாரப் பிரச்னை என்பதைக் காட்டிக்கொடுத்தது. எது எழுதத் தகுந்த மொழி என்று தீர்மானிக்கிற உரிமையும் ஆட்சி உரிமைதானே? கேலிக்கும் ஸ்காட்ஸும் 2025ல் ஒரு சட்டத்தின் மூலம் உத்தியோக அந்தஸ்து பெற்றன. கவிஞர்கள் முடித்துவிட்ட விஷயத்துக்குச் சட்டம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஆனால் இலக்கியத்தால் முடியாததும் உண்டு. அதிகாரப் பகிர்வு என்ற நம் சொல் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. பகிர்வு என்றால் இருவருக்கும் உரிமை. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரிலோ மேலிருந்து கீழே உருட்டிவிடுவது என்ற பொருளே இருக்கிறது. 1998ம் வருஷத்துச் சட்டம் சபையை ஸ்தாபித்த கையோடு, ஸ்காட்லாந்துக்குச் சட்டம் செய்யும் லண்டனின் அதிகாரம் குறையாது என்றும் சொல்கிறது. 2014ல் 55 சதவிகிதம் பேர் பிரிவினையை நிராகரித்தார்கள். 2016ல் ஐரோப்பிய யூனியனில் நீடிக்க 62 சதவிகிதம் பேர் வாக்களித்தும் வெளியேற நேர்ந்தது. மறுபடி வாக்கெடுப்பு நடத்த எடின்பரோ சபை தானாகச் சட்டம் செய்ய முடியாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எழுத்தாளன் யாரிடமும் அனுமதி கேளாமல் தன் மொழியை எடுத்துக்கொள்ளலாம். மூன்று மொழிகளில் அது நடந்தும் விட்டது. சபைக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இலக்கியத்துக்குப் பெருமை சேர்ப்பது போலத் தெரியலாம். கமிட்டி அறைகளில் உட்கார்ந்தவர்களின் உழைப்பை அது மறைக்கிறது. இன்னும் கைக்கு வராத அதிகாரத்தை வந்துவிட்டதாகவும் எண்ண வைக்கிறது.