ஏரியே சாலையாக இருந்த காலம்: வால்டர் பீக் ஆட்டுப் பண்ணையின் வரலாறு

நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ மலைகளுக்கிடையே, மின்னல் கீற்றைப் போல இருமுறை வளைந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் வாக்காட்டிப்பு ஏரி, பண்டைய பனியாறு குடைந்த பள்ளத்தில் நீர் நிறைந்து உருவானது. அதன் கரையிலுள்ள குவீன்ஸ்டவுன் நகரில் நீராவிக் கப்பலேறும் பயணிகள், எதிர்க்கரையில் வால்டர் பீக் சிகரத்தின் அடிவாரத்தில் இறங்கி, அங்குள்ள பண்ணையில் செம்மறிகளுக்கு ரோமம் கத்தரிப்பதையும் நாய்கள் மந்தையை மடக்கிக் கொண்டுவருவதையும் பார்த்துத் திரும்புகின்றனர். இன்று எழில்மிகு உலாவாக அறியப்படும் இந்நீர்வழி உலாவுக்காகத் தோன்றியதன்று. ஆடும் கம்பளிப் பொதியும் அரிசியும் மாவும் அஞ்சலும் போய்வந்த சாலையாகவே அது தொடங்கியது. ஆகவே பண்ணையின் வரலாற்றைக் கப்பலின் வரலாற்றிலிருந்து பிரித்து அறிய முடியாது.

பச்சைக்கல் தேடி வந்த மாவோரி மக்களுக்கு இவ்வேரி தலைமுறைகளாக அறிமுகமானது. 1860ஆம் ஆண்டில் வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் கில்பர்ட் ரீஸும், பால்டிக் பகுதியில் வேர்கொண்ட குடும்பத்தவரான நிக்கலஸ் வான் டன்செல்மனும் மேய்ச்சல் நிலம் தேடி இங்கு வந்தனர். கிழக்குக் கரை ரீஸுக்கும் மேற்குக் கரை வான் டன்செல்மனுக்கும் அமைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1862இல், அருகிலுள்ள ஆரோ, ஷாட்டோவர் ஆறுகளில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் ரீஸின் குத்தகை நிலத்தில் வந்து குவிந்தனர். அவருடைய கம்பளிக் கொட்டகை விடுதியாக மாறியது, வீட்டைச் சுற்றிக் குவீன்ஸ்டவுன் நகரம் எழுந்தது. தங்கம் கிழக்குக் கரையை நகரமாக்கிவிட, மேற்குக் கரை ஆடுகளுக்கே எஞ்சியது. ஆயினும் மலைப்பனியோடும், புல்லை வேரோடு அழித்த முயல் பெருக்கத்தோடும் போராடிய வான் டன்செல்மன் அங்கே நிலைக்க முடியாமல் நொடித்துப்போனார்.

பின்னர் அந்நிலம் மெக்கென்சி குடும்பத்தின் கைக்கு வந்து, 1960 வரை பல பத்தாண்டுகள் அவர்களிடமே இருந்தது. நியூசிலாந்தில் இத்தகைய பெரும் மேய்ச்சல் பண்ணையை ‘ஸ்டேஷன்’ என்பர். வால்டர் பீக் ஸ்டேஷன் தன் உச்சநிலையில் ஏறத்தாழ 1,70,000 ஏக்கர் பரப்பும் 40,000 ஆடுகளும் கொண்டதாக விளங்கியது. கோடையில் உயர்ந்த சரிவுகளில் வேலியின்றி மேயும் ஆடுகளை, முதற்பனி விழுமுன் மலையிலிருந்து திரட்டி இறக்குவதற்கு ‘மஸ்டர்’ என்று பெயர். மேய்ப்பர்கள் நீண்ட கைத்தடியோடு நாள்கணக்கில் மலையேறி, குடிசைகளில் தங்கி, ஒவ்வொரு மடுவையும் முகட்டையும் அலசிவர வேண்டிய கடும் உழைப்பு அது. ஒரு சரிவில் தவறவிட்ட ஆடு, குளிர்காலம் முழுதும் பனியில் சிக்கி மடிய நேரும்.

இவ்வளவு ஆடுகளும் கம்பளியும் சந்தைக்குச் செல்ல ஏரியைக் கடந்தாக வேண்டும். 1878இல் தென்முனையிலுள்ள கிங்ஸ்டனை ரயில்பாதை எட்டியபின், கரையோரப் பண்ணைகளை ரயிலோடு இணைப்பதே நீராவிக் கப்பல்களின் வேலையாயிற்று. அவற்றுள் தலைசிறந்தது எர்ன்ஸ்லா. ஏரியின் வடதலைக்கு அப்பால் நிற்கும் சிகரத்தின் பெயரைத் தாங்கிய இக்கப்பலின் உடற்பகுதி டனீடின் நகரில் உருவாக்கப்பட்டு, பின் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, ரயிலில் கிங்ஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, கரையில் மீண்டும் பூட்டப்பட்டது. 1912 பிப்ரவரியில் நீரில் இறக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 18இல் முதற்பயணம் மேற்கொண்ட எர்ன்ஸ்லா, ஒரே நடையில் 1,500 ஆடுகள் வரை ஏற்றிச் செல்லும் திறன் பெற்றிருந்தது.

சாலைகள் வந்ததும் இந்நிலை மாறியது. 1936இல் கிங்ஸ்டனுக்கும் குவீன்ஸ்டவுனுக்கும் இடையிலும், 1962இல் குவீன்ஸ்டவுனுக்கும் வடகரையின் கிளெனோர்க்கிக்கும் இடையிலும் தரைவழி திறக்கவே, லாரிகள் சரக்கை எடுத்துக்கொண்டன. கப்பல் வேலையிழந்து, 1960களின் இறுதியில் உடைபடும் நிலைக்கு வந்தது. 1969இல் ஒரு சுற்றுலா நிறுவனம் அதனைக் குத்தகைக்கு எடுத்து எதிர்க்கரைப் பண்ணைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியதால்தான் கப்பல் பிழைத்தது. 1977இல் தீக்கிரையான பண்ணையின் ஏரிக்கரை இல்லமும் மீண்டும் எழுப்பப்பட்டது.

இவ்வாறு காக்கப்பட்டவற்றைக் கூர்ந்து நோக்கினால், அவை வெறும் காட்சிப்பொருள்கள் அல்ல என்பது புலப்படும். கப்பலின் எந்திர அறையை மேலிருந்து எட்டிப் பார்க்கும் பயணி, மணிக்கு ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியைக் கொதிகலனின் வாயில் மண்வாரியால் இறைக்கும் தொழிலாளரையும், ஒரே நீராவியைச் சிறிதிலிருந்து பெரிதாக அமைந்த உருளைகளில் மூன்று முறை வேலை வாங்கும் மும்மடி விரிவு எந்திரத்தையும் காண்கிறார். பண்ணையில் கத்தரிப்பவர் ஆட்டைப் பின்புறம் தரையில் பட உட்காரவைத்து, தம் முழங்கால்களுக்கிடையே அணைத்து, முதலில் அழுக்கேறிய வயிற்று ரோமத்தைத் தனியே ஒதுக்கி, பின்பு விலாவிலிருந்து முதுகைக் கடந்து நீண்ட வீச்சுகளில் கருவியை ஓட்டுகிறார். ரோமம் துண்டுபடாமல், உட்புறம் வெண்மையாகப் பளிச்சிடும் ஒரே விரிப்பாகக் கழன்று விழுகிறது. அவர் கைகளில் கம்பளியின் இயற்கைக் கொழுப்பு படிந்து மினுமினுக்கிறது. நாய்களிலும் தொழிற்பிரிவு உண்டு: ‘ஹெடிங்’ நாய் குரைக்காமல் மந்தையைச் சுற்றி முன்சென்று, பார்வையாலேயே ஆடுகளை நிறுத்தித் திருப்புகிறது, நியூசிலாந்திலேயே உருவான ‘ஹண்ட்அவே’ நாயோ, உரத்த குரைப்பால் பின்னிருந்து மந்தையை விரட்டுகிறது. மனிதக் குரல் எட்டாத பெருஞ்சரிவுகளே இவ்விரு நாய்களையும் மேய்ப்பரின் சீழ்க்கை மொழியையும் வளர்த்தன.

1982இல் சுமார் 7 கோடியைத் தொட்ட நியூசிலாந்துச் செம்மறிகளின் எண்ணிக்கை அதன்பின் பெரிதும் குறைந்துவிட்ட நிலையில், இக்கைத்திறன்கள் நூலில் எழுதிவைப்பதால் மட்டும் உயிர்வாழா. நாள்தோறும் செய்யும் கைகள் இருந்தால்தான் வாழும். வால்டர் பீக்கில் அக்கைகளுக்கு வேலை தருவது ஏரியைக் கடந்து வரும் விருந்தினரே. ஒரு காலத்தில் ஆடுகளைச் சுமந்து பண்ணையை வாழவைத்த கப்பல், இன்று ஆடுகளைக் காணவருவோரைச் சுமந்து அதே பணியைத் தொடர்கிறது.