சிங்கியின் இளமை

கொடைரோடு நிலையத்தில் பாசிமணி விற்கும் தாயின் சேலையைப் பற்றி நிற்கும் சிறுமியைக் காணுந்தோறும் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி என் நினைவில் எழும். (அச்சிறுமி வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் குலத்தவள், குறவஞ்சிக் குறவர் வேறு. இருவரையும் ஒன்றெனக் கொள்வது நம் மேடைகளில் நீங்காத பிழை.) 18ஆம் நூற்றாண்டின் அந்நூலில் வசந்தவல்லி பந்தாடும் பருவ எழில் விரிவாகவே பேசப்படுகிறது. சிங்கியோ முழு மங்கையாகவே வருகிறாள். மலைவளம் உரைக்கிறாள், கைபார்த்துக் குறி சொல்கிறாள், பரிசிலாக அணிகலன் பெறுகிறாள். அவள் சிறுமியாய் இருந்த காலத்துக்கு அங்கே இடமில்லை.

நாடு பல திரிந்தமை சிங்கிக்குப் பெருமை. பின்னாளில் அதுவே குற்றமாயிற்று. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பழங்குடிச் சட்டம் 1911இல் திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பலர் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறினர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. சட்டம் இங்கு 1947இலும் நாடெங்கும் 1952இலும் நீங்கிற்று. நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றது 2023இல்தான்.

அவ்வாறு பிரிக்கப்பட்ட பெண்பிள்ளை, தாயிடம் கேட்ட குறிப்பாட்டை எத்தனை நாள் நினைவில் வைத்திருந்திருப்பாள்? இளையோர்க்கான புதினம் ஒன்று அங்கிருந்து தொடங்கலாம். நம் வட்டத்துக் கவிஞருள் எவரேனும் முன்வந்தால், வாசிக்க முதலில் நிற்பவள் நான்.