கேஷ் இல்லாத கேஷ்: ஜியோகேஷிங்காரர்கள் ஒன்றுகூடிய கதை

காலையில் இருந்து சாயங்காலம் வரை கேஷ் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் "ஞாயிற்றுக்கிழமை கேஷ் தேடப் போகிறோம், வர்றீங்களா?" என்று கேட்டால் அவன் என்ன நினைப்பான்? லீவு நாளிலும் கேஷா என்றுதான் நினைப்பான். ஆனால் இந்தக் கேஷ் வேறு. அது ஒரு பிரெஞ்சுச் சொல். காட்டுக்குள் அலைந்த வேட்டைக்காரர்களும் பயணிகளும் திரும்பி வரும்போது உதவுமே என்று சாப்பாட்டையும் சாமானையும் பதுக்கி வைத்த இடத்துக்குப் பெயர் கேஷ். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கேஷ் மெமரியும் இதே சொல்தான்.

அந்தச் சொல்லோடு பூமியைக் குறிக்கும் 'ஜியோ'வைச் சேர்த்தால் ஜியோகேஷிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வெளியில் சொல்லுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு கிளம்பிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. இன்றைக்கு உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

இது தனியாக விளையாடுகிறவர்களுக்காகவே உண்டானது போல் தெரியும். நடந்தது என்னவோ நேர்மாறு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு அரசாங்க ஆணையும் ஒரு வாளியும்

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. முதல் செயற்கைக்கோள் 1978-ல் மேலே போனது. 1983 செப்டம்பர் 1-ந் தேதி கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்று பாதை மாறி சோவியத் எல்லைக்குள் போய்விட, அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனால் கொடுப்பது போல் கொடுத்து ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். கருவி காட்டும் இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும். கப்பலுக்கு அது போதும். ஒரு டப்பாவைத் தேட அது உதவாது.

2000-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி அதிபர் கிளின்டன் அந்தப் பிழையை எடுத்துவிடச் சொன்னார். அன்று நள்ளிரவோடு உலகத்தில் இருந்த எல்லா ஜிபிஎஸ் கருவிகளும் யாரும் கை வைக்காமலே சுமார் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன.

இரண்டே நாளில், மே 3-ந் தேதி, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆலோசகர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில், சாலையோரக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்தார். அதற்குள் புத்தகம், வீடியோ, சாஃப்ட்வேர், ஒரு கவண், ஒரு டின் அவரைப் பயறு, கூடவே ஒரு நோட்டும் பென்சிலும். ஜிபிஎஸ் பிரியர்கள் கூடும் இணையக் குழுவில் இடத்தின் எண்களைப் போட்டு, "எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வை, நோட்டில் எழுது" என்கிற மாதிரி ஒரே ஒரு விதியையும் சொன்னார். மூன்று நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். நோட்டில் முதலில் எழுதியவர் பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரைச் சேர்ந்த மைக் டீக்.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு அந்த விதி எப்படித் தெரியும் என்று சொல்லவா? ஒரு பற்று, ஒரு வரவு, ஒரு லெட்ஜர். ஆனால் கேரன்டர் கிடையாது, அடையாள அட்டை கிடையாது, ஆடிட்டர் கிடையாது. வாளியைத் தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க நாதி இல்லை. அப்படியும் வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

முதலில் இதற்கு 'ஸ்டாஷ் ஹன்ட்' என்றுதான் பெயர். 'ஸ்டாஷ்' என்றால் கஞ்சா பதுக்கல் ஞாபகம் வருகிறது என்று சிலருக்கு நெருடல். அதே மே மாதம் 30-ந் தேதி மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேஷிங்' என்ற பெயரைச் சொன்னார், அதுவே நிலைத்தது. செப்டம்பர் 2-ந் தேதி ஜெரமி ஐரிஷ் என்ற இளைஞர் இதற்கென்று ஒரு இணையதளம் தொடங்கியபோது உலகத்திலேயே 75 டப்பாக்கள்தான் இருந்தன. அவரும் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் முதல் மூலதனம், யாரோ நன்கொடையாகக் கொடுத்த 144 டி-ஷர்ட்டுகளை விற்று வந்த பணம். எங்கள் லோன் டிபார்ட்மென்டில் இந்தக் கதையைச் சொல்லி ஃபைலை நீட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நோட்டில் இருந்த பெயர்களுக்கு முகம் வந்தது

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் புனைபெயரில்தான் போடுவார்கள். ஒரே ஊரில் பத்து டப்பா தேடினால் பத்து நோட்டிலும் அதே நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இவன் நமக்கு முந்தின நாள் வந்திருக்கிறான், இவள் மழையில் வந்திருக்கிறாள், இவர் குழந்தையோடு வந்திருக்கிறார் என்று தெரியும். ஆள் யார் என்று மட்டும் தெரியாது. பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா?

2001 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இப்படிப்பட்டவர்கள் முதன்முதலாக ஒன்றுகூடினார்கள். அந்தக் கூட்டத்தையே ஒரு கேஷாகப் பதிவு செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து, தேதியும் நேரமும் போட்டுவிட்டார்கள். டப்பா எதுவும் இல்லை. அங்கே தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டியது மனிதர்களை. வந்து சேர்ந்தால் ஒரு டப்பா கண்டுபிடித்ததற்குச் சமமாகக் கணக்கில் ஏறும்.

இன்றும் விதி ஏறக்குறைய அதுவேதான். கூடல் குறைந்தது அரை மணி நேரமாவது நடக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், வருகிறவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு, அங்கே வியாபாரம் கூடாது. தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தல் கிடையாது. பொன்னாடை கிடையாது. வெளிமாநிலத்துத் தமிழ்ச் சங்கங்களில் காலம் தள்ளிய நமக்கு இதன் அருமை புரியும்!

அப்புறம் மளமளவென்று வளர்ந்தது. 2002-ல், தேடப் போகும் இடத்தில் கிடக்கும் குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வரும் வழக்கத்தை ஆரம்பித்தார்கள். அதற்கென்றே தனிக் கூடல்கள் நடக்கின்றன. 2003-ல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் நாடு முழுக்க இருந்து வந்தவர்கள் கூடினார்கள். 500 பேருக்கு மேல் வந்தால் 'மெகா', 5000 பேருக்கு மேல் வந்தால் 'கீகா' என்று பெயர். முதல் கீகா 2014-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது இந்தக் கூடல்களைத்தான் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. தனியாக டப்பா தேடுவதைக் கொரோனாவால்கூட முழுக்க நிறுத்த முடியவில்லை.

இதற்கு முன்னோடியும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி இருந்தார். சதுப்பும் பனிமூட்டமுமாக இருக்கும் கிரான்மியர் பூல் என்ற இடத்துக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப் போவார். 1854-ல் அங்கே ஒரு பாட்டிலை வைத்து, சிரமப்பட்டு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டு வரச் செய்தார். பின்னாளில் தபால் அட்டைகளை வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். முன்பின் தெரியாத ஒருவரை நம்பிக் கடிதத்தை விட்டுவிட்டு வருவது என்பது சாதாரண நம்பிக்கையா?

பெட்டி வைக்க முடியாத ஊர்

இந்த நம்பிக்கைக்குச் சோதனை வராமல் இல்லை. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு கடைக்கு வெளியே யாரோ ஒருவர் குனிந்து எதையோ வைப்பதைப் பார்த்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து, தெருவைக் காலி செய்து, பொருளை வெடிக்க வைத்துப் பார்த்தால் அது ஜியோகேஷ் டப்பா.

நம் நாட்டில் சொல்லவே வேண்டாம். ரயில்வே ஸ்டேஷனில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியே தப்பித்தாலும் நல்ல பிளாஸ்டிக் டப்பா என்று யாராவது வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பருப்பு போட்டு வைத்துவிடுவார்கள். (தங்கமணி இதைப் படித்தால் "நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்" என்பாள்.) அதனால் இங்கே டப்பாக்கள் கம்மி. அதனாலேயே, டப்பாவே தேவைப்படாத அந்த ஆஸ்டின் கூடல் நமக்குத்தான் ரொம்பப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் இருக்கும் டேராடூன் அதற்கு ஏற்ற ஊர். சர்வே ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இங்கேதான். 1802 ஏப்ரல் 10-ந் தேதி நம் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு ஏழரை மைல் கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார் இல்லையா, அங்கே தொடங்கிய வேலைதான் கன்னியாகுமரியில் இருந்து இந்தப் பள்ளத்தாக்கு வரை வந்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டனே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் 1841-ல் அந்த அளவை வேலையை முடித்தார். அவர் குடியிருந்த வீடு மேலே முசூரியில் இருக்கிறது. அளந்த இடங்களில் எல்லாம் ஒரு கல்லில் வட்டமும் நடுவில் புள்ளியும் செதுக்கிப் புதைத்துவிட்டுப் போனார்கள், பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ஒருவன் கண்டுபிடிப்பதற்காக. யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு கேஷ்தான்.

இங்கே எங்கள் கூட்டம் ஏழு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை காந்தி பூங்காவுக்குப் பக்கத்து டீக்கடையில் கூடுகிறோம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கட்வாலிப் பெரியவர் ஒருவர், ஒரு வங்காளி தம்பதி, கல்லூரி மாணவர்கள் இருவர், நானும் என் மகளும். பெரியவரை நாங்கள் 'சாப்' என்றுதான் கூப்பிடுவோம். என் மகளுக்கு மட்டும் அவர் 'தாதாஜி'. முதல் கூட்டத்திலேயே அவர் ஒரு நோட்டை எடுத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். என் மகள் தமிழில் போட்டாள். அதை எப்படிப் படிப்பது என்று கேட்டு, கீழே இந்தியில் எழுதி வைத்துக்கொண்டார்.

அவரிடம் கற்றது எந்தக் கருவியிலும் இல்லை. ரிஸ்பனாவும் பிந்தாலும் வெயில் காலத்தில் வெறும் கல்லாகக் கிடக்கும், மேலே மழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்துவிடும், ஆகையால் திரையில் எத்தனை மீட்டர் காட்டினாலும் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் இறங்காதே என்பார். எந்த மரத்தடியில் பாம்பு இருக்கும், எந்த வீட்டுக்காரர் கேட்டால் தண்ணீர் கொடுப்பார் என்பதும் அவர் கணக்கில் உண்டு.

நம்மைப் போல மூன்று வருஷத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்பர் ஆர்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு ஊர் என்றால் ஆபீஸ், குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் ஸ்கூல், பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கம். இந்த நாலு புள்ளிக்குள்ளேயே வாழ்ந்துவிட்டு அடுத்த ஊருக்கு லாரி ஏற்றிவிடுகிறோம். பிள்ளைகளிடம் "உன் ஊர் எது?" என்று கேட்டால், விடுமுறைக்கு மட்டும் போகும் தாத்தா ஊரின் பெயரைச் சொல்கின்றன. என் மகளிடம் போன மாதம் பக்கத்து வீட்டுப் புதுக் குடும்பம் வழி கேட்டது. ஆற்றை வைத்து, மலையை வைத்து, பெரியவர் வீட்டு வாசலை வைத்து வழி சொன்னாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊரில் யாரும் இல்லை என்று நினைக்காதீர்கள். எல்லோரும் வரக்கூடிய ஒரு பொது இடம், ஒரு நேரம், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். முதல் தடவை இரண்டே பேர் வந்தாலும் அது கூட்டம்தான். அந்த வாளியையும் முதலில் இரண்டு பேர்தானே தேடி வந்தார்கள்!

கொசுறு: டேவ் உல்மர் வைத்த வாளி இப்போது இல்லை. 2003-ல் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். ஆனால் அதற்குள் இருந்த அவரைப் பயறு டின் மட்டும் துருப்பிடித்த நிலையில் அங்கேயே கிடைத்தது. அதை யாரும் தின்னவில்லை. ஜியோகேஷிங்காரர்களின் கூட்டங்களுக்கு அதைக் கையோடு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டுகிறார்கள்.