கல்படுக்கையும் நோய்ப்படுக்கையும்

அன்னவாசலிலிருந்து சித்தன்னவாசல் குன்றுக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போதெல்லாம் ஏழடிப்பட்டத்தில் சற்று நேரம் உட்காருவோம். சமணத் துறவிகளின் 17 கல்படுக்கைகள் அங்கே உள்ளன. குமுழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்கு இளையர் செய்தளித்த இருக்கை என்று அவற்றுள் ஒன்றிலுள்ள தமிழிக் கல்வெட்டு சொல்கிறது. எல்லாவற்றையும் துறந்த ஒருவர்மீது பிறர் கொண்ட அன்புக்கு ஈராயிரம் ஆண்டுச் சாட்சி அது.

சென்ற முறை ஒரு கிறித்தவ மாணவி கேட்டாள்: “ஒரு பொம்பள இன்னொரு பொம்பளைக்குச் செஞ்சத எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காங்களா மேடம்?”

நம் இலக்கியம் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் நட்பின் எல்லையாக நிறுத்துகிறது. அகப்பாட்டில் தோழி உண்டு. ஆனால் அவள் பேச்செல்லாம் தலைவியின் காதலைச் சுற்றியே. கிறித்தவத்திலும் கதை இதுதான். நட்பைக் கடவுளன்பின் சாயலாகக் கண்டு 12ஆம் நூற்றாண்டில் நூல் எழுதிய ஆங்கிலேயத் துறவி ஏல்ரெட், அதை ஆண் துறவிகளின் உரையாடலாகவே அமைத்தார். விவிலியத்தில் மாமியாரை விட்டுப் பிரியாத ரூத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்கு நான் பொன்னம்மாளின் கதையைச் சொன்னேன்.

பொன்னம்மாள் திருநெல்வேலிச் சீமையில் மாமனார் வீட்டில் அடங்கிக் கிடந்த இளம் கைம்பெண். 1895இல் இந்தியா வந்த அயர்லாந்துப் பெண் ஏமி கார்மைக்கேல், பண்ணைவிளையில் தங்கித் தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போதித்தார். அந்தக் குழுவில் பொன்னம்மாளும் சேர்ந்தார். குழுப்பெண்கள் நகைகளைக் கழற்றினார்கள். நகையைக் குடும்ப கௌரவமாகக் கருதிய ஊருக்கு அது பேரதிர்ச்சி.

1901 முதல் டோனாவூரில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளும் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தனர். பிள்ளை வளர்ப்பைத் தாழ்ந்த வேலையாக எண்ணிய காலம் அது. நெய்யூர் மிஷன் மருத்துவமனை அருகில் அமைந்த குழந்தைகள் இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள். இரவு விழித்துப் பாலூட்டி, பீத்துணி அலசி வளர்த்த அந்தக் கைகள் இல்லாமல் டோனாவூர் இல்லை. பின்னர் அவருக்குப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையின்போது ஏமி உடனிருந்து பார்த்துக்கொண்டார். 1915இல் பொன்னம்மாள் இறந்தார். 1918இல் ஏமி வெளியிட்ட நூலின் தலைப்பே பொன்னம்மாளின் பெயர்தான்.

யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களை இனி ஊழியர் என்று அழைப்பதில்லை, நண்பர் என்றே அழைப்பதாகச் சொல்கிறார். காலனிய மிஷன்களில் தமிழ்ப் பெண் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைசானியின்கீழ் வேலை பார்க்கும் ‘பைபிள் உமன்’. அங்கே ஊழியம் நட்பாக மாறியதா என்பதுதான் அந்த வசனத்துக்கு வைக்கும் சோதனை. நோய்ப்படுக்கையின் அருகில் அது மாறியது என்று நான் நம்புகிறேன்.

இருந்தும் ஒரு குறை உறுத்துகிறது. அந்த நூல் ஆங்கிலத்தில், சீமை வாசகர்களுக்காக எழுதப்பட்டது. பொன்னம்மாளின் தமிழ்ப்பேச்சு ஏமியின் மொழிபெயர்ப்பாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. ஏமியை அவர் எப்படிக் கண்டார், எதில் முரண்பட்டார், எப்போது கோபித்தார் என்பதை அவரே எழுதிய பக்கம் நம் கையில் இல்லை. கடவுளன்பைக் காட்டும் கண்ணாடி என்று நட்பைச் சொல்லலாம். அந்தக் கண்ணாடியை ஏந்தியிருப்பது ஒருத்தியின் கை மட்டும் என்றால் மற்றவள் முகம் பாதிதான் தெரியும்.

1931இல் கீழே விழுந்து அடிபட்ட ஏமி, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்றார். பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள். அந்தத் தாய்மையில் பாதி பொன்னம்மாளுடையது.

குன்றிலிருந்து இறங்கும்போது அந்த மாணவி, விடுதியில் தனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று இரவு கண்விழித்த தோழியைப் பற்றிச் சொன்னாள். “அத எழுதிடும்மா,” என்றேன். “அவளையும் எழுதச் சொல்லு.”