பல்லூடகக் கல்வியும் தமிழெழுத்தும்

சிப்பாங் வட்டாரத்துச் செம்மண்ணில் ஒரு காலத்தில் நின்றவை இரப்பரும் செம்பனையுமே. பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் அழிந்து புத்ராஜெயா உருவானபோது, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. புத்ராஜெயாவின் மேற்கே எழுந்தது சைபர்ஜெயா. புதிய ஊடகத் தொழில்நுட்பத்துக்கென ஓர் இளங்கலைக் கல்வி அங்கு வகுக்கப்பட்ட வரலாற்றைத் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நலம்.

1996ஆம் ஆண்டில் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடக்கம் பெற்றது. கோலாலம்பூர் நகர மையம் தொட்டுச் சிப்பாங் விமான நிலையம் வரை 50 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் அகலமும் அதற்கு வகுக்கப்பட்டன. தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. அதுவரை தனியார் கல்லூரிகள் தம் பெயரில் பட்டம் வழங்க இயலாதிருந்தது. டெலிகோம் மலேசியா மலாக்காவில் நிறுவிய பல்கலைக்கழகம் நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகமாயிற்று. 1999இல் சைபர்ஜெயா வளாகம் திறப்பு விழாக் கண்டது. பெயரும் பல்லூடகப் பல்கலைக்கழகம் என்றாயிற்று.

பாடத்திட்டம் வகுத்தோர் முன் நின்ற வினா எளிதன்று. ஓவியம் பயில்வோன் கலைக்கல்லூரிக்கும், மின்னணுவியல் பயில்வோன் பொறியியற் கல்லூரிக்கும் செல்வதே மரபு. அசைவூட்டப் படம் செய்வோனுக்கோ இரண்டும் வேண்டும். 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தோன்றிய பௌஹவுஸ் பள்ளி நுண்கலையையும் தொழிற்கலையையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பித்ததை ஈண்டு நினைவுகூரலாம். சைபர்ஜெயாவில் படைப்பாக்கப் பல்லூடகத்துக்கெனத் தனிப்புலமே அமைந்தது. திரைப்படமும் அசைவூட்டமும், மெய்நிகர் உலகம், இடைமுக வடிவமைப்பு ஆகியவை அதன் சிறப்புத் துறைகளுள் சிலவாக இருந்தன.

இத்தகைய கல்விக்கு ஓர் இடர் உண்டு. உலகெங்கும் இத்துறை மாணாக்கர் ஆண்டுக்கணக்கில் பயின்றது ஃபிளாஷ் என்னும் மென்பொருள். அதன் இயக்கிக்கு அளித்த ஆதரவு 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. கருவியை மட்டும் கற்றவன் கையில் எஞ்சியது யாது? கோடும் வண்ணமும் கதை சொல்லும் முறையும் கற்றவனோ மறு கருவியை ஒரு திங்களில் பழகிக்கொள்வான்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலம், அதிற் குறைகாண்பதற்கில்லை. ஆயினும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணாக்கன், தன் எழுத்துக்கு இத்துறையில் வேலையில்லை என்று எண்ணிவிடுகிறான். அஃது உண்மையன்று. இப்பல்கலைக்கழகம் தோன்றுவதற்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்னரே, 1985இல், முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அவர்தம் தந்தையார் கிள்ளானைச் சார்ந்த கவிஞரும் தமிழாசிரியருமான முரசு நெடுமாறன். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. 2005இல், கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினம் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று.

'கொ' என்னும் எழுத்தை நோக்குக. ஒலிப்பில் ககரத்தின் பின் வரும் ஒகரம், வடிவில் அதன் இருபுறமும் நிற்கிறது. 'சேவ்' என்று சிறு பொத்தானில் அடங்குவது தமிழில் 'சேமிக்கவும்' என நீண்டு விளிம்பைத் தாண்டுகிறது. இவை இடைமுக வடிவமைப்பின் பாடங்களேயன்றி இலக்கண ஆசிரியரின் கவலைகள் மட்டும் அல்ல.

இறுதியாண்டுப் படைப்புக்குப் பொருள் தேடும் மாணாக்கர் சிலர் எம்மிடம் வருவதுண்டு. பிராங் பெசார் தோட்டத்து முதியோரின் குரலைப் பதிவுசெய்து, தமிழெழுத்திட்டுப் படமாக்குங்கள் என்பேன். சைபர்ஜெயாவிலிருந்து டிங்கில் தொலைவில் இல்லை.