செங்கோட்டைப் பாதையும் பொதுக் கோப்பும்

1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும் வரை மலையாள நாட்டு ஆட்சிக்கு உட்பட்டிருந்த செங்கோட்டை, இரண்டு நிர்வாகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு வேலை அறுபடாமல் நடக்க எது பொதுவாக இருக்க வேண்டும் என்ற வினாவை நெடுங்காலம் எதிர்கொண்ட ஊராகும். திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வேயும் கூடி, ஆரியங்காவு மலையைக் குடைந்து 1904இல் கொல்லம் பாதையைத் திறந்தபோது, தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமாகிய ‘கேஜ்’ எல்லையின் இருபுறமும் ஒரு மீட்டராகவே அமைந்ததால், திருநெல்வேலிப் பக்கத்து வண்டி சரக்கை இறக்கி ஏற்றாமல் மலையேற முடிந்தது. நூறாண்டுகளுக்குப் பின் அந்த ஒற்றுமை குலைந்தது. 2004இல் செங்கோட்டைக்கு வரும் விருதுநகர்ப் பாதை 1676 மி.மீ. அகலத்துக்கு மாற்றப்பட, மலையைக் கடக்கும் புனலூர்ப் பாதை 2010இல் மூடப்படும் வரை மீட்டர் பாதையாகவே இருந்ததால், பயணிகள் செங்கோட்டையில் இறங்கி வண்டி மாற நேர்ந்தது. 2018இல்தான் இருபுறமும் மீண்டும் ஒரே அகலம் பெற்றன. எனினும் மலையின் ஏற்றம் குறையவில்லை என்பதால், அகலம் ஒன்றான பிறகும் அப்பகுதியில் வண்டியின் பின்னால் கூடுதல் எஞ்சின் பூட்ட வேண்டியிருக்கிறது.

எது பொதுவாக இருக்க வேண்டும் என்ற அதே வினா மென்பொருள் தொழிலிலும் எழுகிறது. இவ்வட்டாரத்துக்கு அத்தொழில் வந்தது 2011இல், சோஹோ நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியபோதாகும். வாடிக்கையாளர் குறைகளைப் பதிந்து தீர்க்க உதவும் ‘சோஹோ டெஸ்க்’ இங்கே உருப்பெற்றது என்பது, நகரத்தின் மிச்ச வேலைகளே கிராமத்துக்கு வரும் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கிய செய்தியாகும். ஒரே நிரலைப் பல ஊர்களிலிருந்து பலர் எழுதும் இத்தொழிலில், சோதனையை எந்தக் கட்டளையால் ஓட்டுவது, எந்தக் கோப்பைத் தொடக்கூடாது, மாற்றத்தை யார் பார்த்த பின் சேர்ப்பது என்பன போன்ற நடைமுறைகளின் தொகுப்பே பணிமுறை எனப்படுகிறது. பக்கத்து மேசையில் கேட்டறிய ஆளில்லாத குழுவுக்கு, அது எழுத்தில் இருப்பது உயிர்நாடியாகும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதத் தொடங்கியதும் அந்த எழுத்து சிதறியது. 2021இல் முன்னோட்டமாக வெளிவந்த கிட்ஹப் கோபைலட், அதன் பின் வந்த கர்சர், 2025இல் வந்த கிளாட் கோடு, ஜெமினி சிஎல்ஐ ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அறிவுறுத்தல் கோப்பைத் தேடியது. கிளாட் கோடு ‘கிளாட்.எம்டி’யையும், ஜெமினி ‘ஜெமினி.எம்டி’யையும் படித்தன. ஒரு குழுவில் மூவர் மூன்று கருவிகளைக் கையாண்டால் ஒரே விதியை மூன்று இடங்களில் எழுத வேண்டியதாயிற்று; ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்தால், கருவிகள் ஒன்றுக்கொன்று முரணான நிரலை எழுதின.

இதற்கு விடையாக 2025இல் ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’ என்ற பொதுக் கோப்பு பரவியது. ஓப்பன்ஏஐ, கூகுள், கர்சர் உள்ளிட்ட போட்டியாளர்களே கைகோத்த இந்த ஏற்பாட்டின் வலிமை அதன் எளிமையில் இருக்கிறது: தலைப்புகளையும் பட்டியல்களையும் எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில், மனிதரும் படிக்கத்தக்க வெறும் உரையாக, திட்டக் கோப்புறையின் மேல்மட்டத்தில் அது வைக்கப்படுகிறது. வேறு பெயரைத் தேடும் கருவிக்கு, ஒரு கோப்பை இன்னொரு பெயரிலும் காட்டும் ‘சிம்லிங்க்’ என்ற தொடுப்பு போதுமானது. கருவிகள் வெளித் தரவுகளை அணுகுவதற்கென ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘எம்சிபி’ நெறிமுறையும் இக்கோப்பு முறையும் 2025 டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அமைந்த ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. தனியொரு நிறுவனத்தின் விருப்பத்துக்கு ஏற்ப வடிவம் மாறாது என்ற நம்பிக்கையைத் தருவதால், சிறு குழுக்களுக்கு இது கோப்பின் வடிவத்தைக் காட்டிலும் முக்கியமான மாற்றமாகும்.

ஆயினும் பொதுவானது அறிவுறுத்தல் மட்டுமே. எந்தக் கட்டளையைக் கேட்காமலே இயக்கலாம், எதற்கு மனித ஒப்புதல் வேண்டும் என்ற அனுமதிகள் ஒவ்வொரு கருவியின் தனி அமைப்புக் கோப்பில்தான் இன்னும் எழுதப்படுகின்றன. அறிவுறுத்தலைக் கருவியில் உள்ள செயற்கை நுண்ணறிவு மீறவும் கூடும். அனுமதியோ கருவியாலேயே செயல்படுத்தப்படும் தடையாகும். ஆகவே, தரவுத்தளத்தை அழிக்கக்கூடிய கட்டளை போன்றவற்றைப் பொதுக் கோப்பில் கண்டிப்பதோடு நிறுத்தாமல், குழு கையாளும் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே தடுத்து, புதிய கருவி சேரும்போதெல்லாம் அத்தடையைச் சோதித்துப் பார்க்க வேண்டியுள்ளது.