பிறப்பியலும் வெடிப்பொலியும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகும் என்பது அதன் கருத்து. இக்கால ஒலியியல் முழுவதும் இவ்வியலுள் அடங்கும் எனப் புகழ்வாரும், உந்தியில் மூச்சுப் பிறவாதாகலின் இது பிழை என இகழ்வாரும் உளர். இவ்விரண்டும் பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம்.

பகரமும் மகரமும் இதழ் இயைதலாற் பிறக்கும் என்றும், மெல்லெழுத்துக்கு மூக்கின் வளியும் வேண்டும் என்றும் ஆசிரியர் வகுத்தார். இதன் காரணத்தை இக்கால ஒலியியல் விளக்குகிறது. பகரத்தில் மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. இதழ்களும் மூடியிருத்தலின் வாயினுள் காற்றழுத்தம் மிகுந்து, இதழ் திறந்ததும் வெளிப்படுகிறது. மகரத்தில் மூக்கின் வழி திறந்திருத்தலின் அவ்வழுத்தம் மிகுவதில்லை.

பகரம் போன்றவற்றை மொழிநூலார் வெடிப்பொலி என்பர். இப்பெயரின் பொருத்தத்தைச் சிவகாசி வட்டாரத்தார் எளிதில் உணர்வர். அங்குச் செய்யப்படும் வெடிகளில் மருந்து தாளாலும் நூலாலும் இறுகச் சுற்றப்படுகிறது. எரியும்போது தோன்றும் வளி வெளியேற வழியின்றி உறையைக் கிழித்தலால் வெடியோசை பிறக்கிறது. வாய் திறந்த புஸ்வாணத்திலோ சீறலே எழுகிறது. மருந்துக் கலவை வேறாயினும், அடைப்பே ஓசையின் இயல்பை வேறாக்குகிறது என்பது தெளிவு.

13ஆம் நூற்றாண்டில் நன்னூலார் வல்லினத்துக்கு நெஞ்சையும் மெல்லினத்துக்கு மூக்கையும் இடமாகக் கூறினார். எல்லா எழுத்துக்கும் மூச்சு நுரையீரலினின்றே வருதலின் இப்பகுப்பு உடற்கூற்றுக்கு முற்றும் ஒவ்வாது. எனினும், வன்மைக்கு மூச்சின் உந்துதலே அடிப்படை என்னும் உணர்வு இதிற் புலனாகிறது.

இனி, மிடற்றினுள் அதிரும் குரல்நாண்களைத் தொல்காப்பியர் குறித்திலர். உயிருள்ள மாந்தர் குரல்வளையின் தொழிலை 1854இல் சிறு கண்ணாடியும் கதிரவன் ஒளியும் கொண்டு கண்டு, 1855இல் இலண்டன் அரசக் கழகத்தின்வழி வெளியிட்டவர் மானுவேல் கார்சியா. அவர் மருத்துவர் அல்லர், இசையாசிரியர்.

தொல்காப்பியரோ தம் எல்லையைத் தாமே வரைந்தார். அகத்து எழும் வளியின் இயல்பு அந்தணர் மறையிற் கூறப்படுவது என விலக்கி, புறத்தே கேட்கப்படும் ஒலிக்கே இலக்கணம் கூறுவதாக இயலின் இறுதியில் உரைத்தார். உந்தி என்றதும், மூச்சை இயக்கும் உதரவிதானத்தின் அசைவு வயிற்றிற் புலப்படுதல் கருதியதாகலாம். அவர் கண்டதைக் கண்டவாறே போற்றுதலும், காணாததை அவர்மேல் ஏற்றாமையும் ஆராய்வார் கடன்.